உதவித்தொகை வந்த மறுநாள்

கல்வி உதவித்தொகை கணக்கில் ஏறிவிட்டது என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால், பொழுது சாய்வதற்குள் நம் தெருவில் நாலு வீட்டுக்குச் செய்தி போய்விடும். வட்டிக்குக் கொடுத்தவருக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். பழைய பைக்கை விற்கக் காத்திருக்கும் கூட்டாளிக்கும் தெரியும். அந்தப் பணத்தில் எது யாருடையது என்பது மட்டும், பல நேரம் பணத்துக்கு உரிய பிள்ளைக்கே தெரிவதில்லை.

உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வந்த பணத்தை என்ன செய்வது என்று பேசுவது குறைவு. ஆனால், நம் பிள்ளைகளில் சிலர் படிப்பை நடுவில் விடுவது பணம் வராததால் மட்டும் அல்ல. வந்த பணம் வேறு வழியில் போய்விட்டு, கல்லூரிக்குக் கட்ட வேண்டிய நாளில் கை காலியாக இருப்பதாலும்தான்.

இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. சிக்கனத்தை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 300 ரூபாய்க் கூலியில் ஐந்து வயிற்றுக்குச் சமைத்துப்போட்ட தாய்மார்களின் பிள்ளைகள் நாம். நமக்குப் பழக்கமில்லாதது வேறு ஒன்று: மொத்தமாக வரும் பணம். நிலம் உள்ள வீட்டில் அறுவடைக்குப் பணம் வரும். அதை அடுத்த அறுவடை வரை பிரித்துவைக்கும் கணக்கைப் பிள்ளைகள் பார்த்தே வளர்வார்கள். பஞ்சமி நிலத்தையும் பறிகொடுத்து, அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவழித்த வீடுகளில் அந்தக் கணக்கைப் பார்க்க வாய்ப்பு எங்கே இருந்தது? ஆண்டுக்கு ஒருமுறை வரும் பணத்தை மாதா மாதம் வரும் பணமாக மாற்றத் தெரிந்துகொள்வதே இன்று நாம் கற்க வேண்டிய பாடம்.

இது இனாம் அல்ல

முதலில் இந்தப் பணத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்வோம். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில்தான் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. அதில் சாப்பாட்டைக் குறைத்து, பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி ஏறக்குறைய 2,000 புத்தகங்கள் சேர்த்தார். பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அவர் அதோடு விட்டுவிடவில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வாங்கிய சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார்; நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். 1920இல் மறுபடி லண்டன் போய்ப் படிப்பை முடித்தார்.

உதவித்தொகை நின்றால் படிப்பு நிற்கும் என்பதை அனுபவித்து அறிந்தவர் அவர். 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் பட்டியல் சாதி மாணவர்களின் கல்விக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று எழுதியே கேட்டார். 1944இல் தொடங்கிய அந்த உதவித்தொகைதான் இன்று போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை என்ற பெயரில் நம் கணக்குக்கு வருகிறது.

கல்லூரியில் யாராவது 'ஸ்காலர்ஷிப் ஆட்கள்' என்று இளக்காரமாகப் பேசினால் கூனிக்குறுக வேண்டாம். இது கேட்டுப் பெற்ற உரிமை. உரிமையாக வந்த பணத்துக்குக் கணக்கு வைத்துக்கொள்வதும் நம் மரியாதைதான்.

வருவது ஒரு தொகை. அதில் பங்கு இரண்டு

குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியல் சாதி மாணவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தும். 2021இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கல்லூரி வாங்கும் திரும்பத் தரப்படாத கட்டாயக் கட்டணம். மற்றொன்று, மாணவரின் சொந்தச் செலவுக்கான படி.

இந்தப் படி ஆண்டுக்கு ஒருமுறை. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் பட்டம் படிப்பவர் விடுதியில் தங்கினால் 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போய்வந்தால் 7,000 ரூபாய். கலை, அறிவியல் பட்டப்படிப்புக்கு விடுதி மாணவருக்கு 6,000, வீட்டிலிருந்து வருபவருக்கு 3,000. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு 4,000, 2,500. மாற்றுத்திறனாளி மாணவருக்குப் பத்து விழுக்காடு கூடுதல்.

முன்பெல்லாம் கட்டணம் கல்லூரிக்குப் போகும், படி மட்டும் நமக்கு வரும். இப்போது இரண்டும் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகின்றன. கட்டணப் பகுதியைக் கல்லூரியில் கட்டும் பொறுப்பு மாணவருடையது. குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். பாஸ்புக்கில் ஐம்பதாயிரம் தெரிந்தால் ஐம்பதாயிரமும் நம்முடையது என்று தோன்றும். பாஸ்புக் பங்கு பிரித்துக் காட்டாது. நாம்தான் பிரிக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. மாநிலம் தன் பங்கைக் கொடுத்த பிறகே ஒன்றியத்தின் பங்கு வரும். அதனால் பணம் வேறு வேறு நாளில் இரண்டு தவணையாக வரலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கும் மாணவி. கல்லூரிக் கட்டணம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். படி 13,500. மொத்தம் 63,500. முதலில் வரும் 40 விழுக்காடு 25,400. அதில் கல்லூரிக்கு உரியது 20,000. மாணவிக்கு உரியது 5,400. பிறகு வரும் 38,100இல் கல்லூரிக்கு 30,000, மாணவிக்கு 8,100. இரண்டு தவணையிலும் சேர்த்து அவர் கைச்செலவுக்கு உள்ளது 13,500தான். எல்லோருக்கும் அச்சு மாறாமல் இப்படியே வராது. ஆனால் பிரிக்கும் முறை இதுதான்.

கல்லூரிப் பங்கைப் பணம் வந்த சில நாட்களுக்குள் கட்டிவிடுவது நல்லது. கட்டினால் உங்கள் பெயரில், எந்த ஆண்டுக் கட்டணம் என்று எழுதிய ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு ஏதாவது கேள்வி வந்தால் நம் பக்கம் பேசப்போவது அந்த ரசீதுதான்.

ஏற்கெனவே கட்டியிருந்தால்

சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2012இல் ஆணை வெளியிட்டது. அரசாணை 92 என்று சொன்னால் பலருக்கும் தெரியும். அப்படி இருந்தும் 'இப்போது கட்டுங்கள், உதவித்தொகை வந்ததும் அது உங்களுக்குத்தான்' என்று முன்பணம் கேட்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அம்மாவின் தோட்டை அடகுவைத்தோ, வட்டிக்கு வாங்கியோ நாமும் கட்டிவிடுகிறோம்.

அப்படிக் கட்டியிருந்தால், இப்போது வரும் கட்டணப் பகுதி கல்லூரிக்குப் போக வேண்டியதல்ல. அது கடனுக்குப் போக வேண்டியது. இதைப் புதிதாக வந்த பணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்கெனவே செலவான பணம் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே.

மூன்று வட்டி என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 ரூபாய். 20,000 வாங்கியிருந்தால் மாதம் 600, பத்து மாதத்தில் 6,000. கலை அறிவியல் கல்லூரி விடுதி மாணவரின் ஓராண்டுப் படி முழுவதும் வட்டிக்கே சரியாகப்போகும். ஐந்து வட்டி என்றால் ஆண்டுக்கு 60 ரூபாய். பத்து வட்டி என்றால் ஓராண்டில் வட்டி முதலைத் தாண்டிவிடும். இந்தக் கடன் உயிரோடு இருக்கும்போது உதவித்தொகைப் பணத்தில் புதுக் கைப்பேசி வாங்கினால், அந்தக் கைப்பேசிக்கு மாதா மாதம் வட்டி கட்டுகிறோம் என்று பொருள்.

பல இடத்தில் கடன் இருந்தால் வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார் என்று பார்த்து அடைக்கத் தொடங்கினால் கணக்கு தவறிவிடும். முழுதாக அடைக்க முடியாவிட்டாலும் முதலில் ஒரு பகுதியைக் குறையுங்கள். வட்டியும் அந்த அளவுக்குக் குறையும். கொடுத்த பணத்துக்குக் கையெழுத்து வாங்குங்கள். முழுதும் அடைத்துவிட்டால் எழுதிக்கொடுத்த புரோநோட்டைக் கையோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள். அதிக வட்டி வசூலிப்பதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. வட்டிக்காக மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

ஆண்டுப் பணத்தை மாதப் பணமாக்குவது

கல்லூரிக்கும் கடனுக்கும் போக மிஞ்சுவது படி. அதாவது, உண்மையில் நமக்கே நமக்கான பணம். இது அடுத்த ஆண்டுப் பணம் வரும்வரை பன்னிரண்டு மாதம் தாங்க வேண்டும். உதவித்தொகை சொன்ன தேதிக்கு வராது என்பது நமக்குத் தெரியும். ஆகவே பத்து மாதத்துக்குக் கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம்.

மூன்றாகப் பிரிக்கலாம். 13,500 ரூபாயை எடுத்துக்கொண்டால், முதல் 1,500 உடனடித் தேவைக்கு. நல்ல செருப்பு, ஒரு சட்டை அல்லது சுடிதார், கண்ணாடி, எது தள்ளிப்போனதோ அது. இதில் குற்ற உணர்வு வேண்டாம். நேர்த்தியாக உடுத்திக் கல்லூரிக்குப் போவது நமக்கு வீண்செலவு அல்ல. அதன் மதிப்பைக் கோட்டும் சூட்டும் அணிந்து நின்ற அம்பேத்கர் நமக்குக் காட்டியிருக்கிறார். அடுத்த 3,000 எதிர்பாராத செலவுக்கு. காய்ச்சல், திடீர்ப் பயணம், அரியர் வைத்தால் தேர்வுக் கட்டணம், வேலைக்கு விண்ணப்பிக்கும் கட்டணம். மீதி 9,000 பன்னிரண்டு மாதத்துக்கு. மாதம் 750.

3,000 மட்டும் வருபவருக்கும் இதே முறைதான். 300 உடனடித் தேவைக்கு, 900 எதிர்பாராத செலவுக்கு, மீதி 1,800. மாதம் 150. சிறிய தொகைதான். ஆனால் நகல் எடுக்கும் கடையில் கடன் சொல்லாமல் நிற்க அது போதும். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. உதவித்தொகை பெறுவோருக்கும் அது உண்டு. அந்த ஆயிரம் மாதச் செலவுக்கு இருந்தால், படியின் பெரும்பகுதியைத் தொடாமல் வைக்கலாம்.

கையில் இருந்தால் கரையும். ஏடிஎம் அட்டை சட்டைப்பையில் இருந்தாலும் அதே கதைதான். எனவே தொடக் கூடாத பணத்தைச் சற்று எட்டத்தில் வையுங்கள். வங்கியில் ஆறு மாதம், ஓராண்டு என்று நிரந்தர வைப்பு போடலாம். அஞ்சலகத்தில் 1,000 ரூபாயிலிருந்து ஓராண்டு வைப்பு உண்டு. ஆறு மாதம் முடியும் முன் அதை எடுக்க முடியாது. இதில் வட்டி பெரிதாகக் கிடைக்காது. பூட்டு கிடைக்கும், நமக்கு வேண்டியது அதுதான். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம். மூன்றாண்டில் படிப்பை முடிப்பவர் யோசித்துச் சேர வேண்டும். பதிவு இல்லாத ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, 'ஒரு மாதத்தில் இரட்டிப்பு' என்று சொல்லும் செயலி எதிலும் இந்தப் பணத்தைப் போடாதீர்கள். ஆன்லைன் ரம்மி பக்கமே போகாதீர்கள்.

வீட்டில் எப்படிப் பேசுவது

இதுவரை சொன்னது எளிது. கடினமானது வீடு. மழைக்கு ஒழுகும் கூரை, அப்பாவின் முதுகுவலி, அக்காவின் வளைகாப்பு, மகளிர் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளையின் கணக்கில் பணம் இருக்கிறது. 'அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்' என்று அண்ணன் கேட்கும்போது இல்லையென்று சொல்லும் மனம் நமக்கு வராது. வரவும் வேண்டாம்.

ஆனால் பணம் வந்த பிறகு பேசினால் அது சண்டையாகும். வருவதற்கு முன்பே பேச வேண்டும். ஒரு தாளில் எழுதுங்கள்: இவ்வளவு வரும், இதில் இவ்வளவு கல்லூரியுடையது, இவ்வளவு கடனுக்கு, இவ்வளவு எனக்கு. அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்துப் படித்துக்காட்டுங்கள். கல்லூரிப் பணத்தை எடுத்தால் ஹால் டிக்கெட் நேரத்தில் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். எழுத்தும் எண்ணுமாகப் பார்த்தால் நம் பெற்றோர் புரிந்துகொள்வார்கள். அவர்கள் பட்டினி கிடந்து படிக்கவைத்தது இந்தத் தாளைப் படிக்கத்தான்.

வீட்டுக்குக் கொடுக்க விரும்பினால் படியிலிருந்து, உங்களால் முடிந்ததை, இவ்வளவுதான் என்று முடிவுசெய்து கொடுங்கள். கல்லூரிப் பங்கிலிருந்து கைமாற்றாகக்கூடக் கொடுக்காதீர்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண்பிள்ளையின் உதவித்தொகையைக் கல்யாணச் செலவுக்கு எடுத்துவைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்தப் பணம் அவள் படிப்பதற்காக வந்தது.

கணக்கைக் காப்பது

பணம் எந்த வங்கிக்கு வரும்? ஆதார் எண் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கே. பள்ளியில் தொடங்கிய கணக்கு ஒன்று, கல்லூரியில் தொடங்கியது ஒன்று என்று இருந்தால், எது இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். ஆதார் இணையதளத்திலும் பார்க்கலாம். இரண்டு ஆண்டு வரவுசெலவு இல்லாத கணக்குகளை வங்கிகள் செயலற்றவை என்று வைத்துவிடும். ஆனால் உதவித்தொகைக்காகத் தொடங்கிய இருப்புத்தொகை தேவையில்லாத கணக்கை அப்படி வைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. கணக்கு முடங்கியிருந்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தக் கணக்கைக் கைப்பேசித் தவணைக்கோ, பைக் கடனுக்கோ கொடுக்காதீர்கள். தவணைத் தேதியில் உதவித்தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். 'உன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் ஒரு மாதம் கொடு, 5,000 தருகிறேன்' என்று யாராவது கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். மோசடிப் பணத்தை அந்தக் கணக்கு வழியாக அனுப்புவார்கள். கணக்கு முடக்கப்படும், உதவித்தொகையும் உள்ளே சிக்கும், வழக்கு உங்கள் பெயரில் வரும். உதவித்தொகை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி ஓடிபி கேட்டாலும் கொடுக்காதீர்கள். எந்த அலுவலகமும் அதைக் கேட்காது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பணம் வாங்கிக்கொடுத்ததற்குக் கமிஷன் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. இதைப் பற்றியும், கல்லூரி இரண்டு முறை கட்டணம் கேட்டாலும், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளிலும் மனு கொடுத்து ரசீது வாங்கலாம்.

இவை எல்லாவற்றையும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளை தனியாகச் செய்வது சிரமம். நம் ஊர்களில் அம்பேத்கர் படிப்பகங்கள் இருக்கின்றன. படித்து வேலைக்குப் போன அண்ணன்களும் அக்காள்களும் இருக்கிறார்கள். உதவித்தொகை வரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, படிப்பகத்தில் ஒரு பாய் விரித்து உட்காருங்கள். பிள்ளைகள் பாஸ்புக்கையும் கல்லூரிக் கட்டணத் தாளையும் கொண்டுவரட்டும். கல்லூரிக்கு எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். ஒருவருக்குக் கால் மணி நேரம் போதும்.